ஒன்பதாவது வாரம்

"பயப்படாதீங்க. நீங்க எந்த வருஷம், எந்த மாசம் பொறந்தீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுபோய், உள்ளே மூன்று பேர் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்போது வெளியே ஒரு மனிதர் கதவிடுக்கில் வாயை வைத்து இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? "யோவ், இங்க மூச்சு முட்டுது. நீ என்ன கல்யாணமா பேசப் போற?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கத்தும். எல்லோரும் வரிசைக்காரர் என்று அழைக்கும் அந்த லிஃப்ட் மெக்கானிக் அசைய மாட்டார். "தேதி தெரிஞ்சா இன்னும் நல்லது. நான் மேல போயிட்டு வந்து, நீங்க பொறந்த வாரம் ரேடியோவுல எந்தப் பாட்டு முதலிடத்துல இருந்துச்சுன்னு சொல்றேன்" என்பார். மூன்று பேரிடமும் கேட்டு வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவார்.

மொட்டை மாடியில் மோட்டார் அறை. மெயினை அணைத்து, பிரேக்கை விடுவித்து, கைச்சக்கரத்தை அங்குலம் அங்குலமாகச் சுற்றி லிஃப்டை ஒரு மாடியின் மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். பத்து நிமிடமாவது ஆகும். அந்தப் பத்து நிமிடமும் உள்ளே இருப்பவர்கள், "எங்க அம்மா ஒரு பாட்டு பாடுவாங்களே, அதுவா இருக்குமோ?" "அது ரொம்பப் பழசுங்க, எனக்கே அது மாமா வயசு" என்று ஒருவரோடொருவர் வழக்காடிக்கொண்டிருப்பார்கள். கீழே வந்து சாவியைப் போட்டுக் கதவைத் திறந்ததும் அவர் வாயிலிருந்து வரும் முதல் சொல் மன்னிப்பு அல்ல, பாட்டின் பெயர். "உங்களுக்கு டெலிபோன் பாட்டு. மூணாவது வாரம். உங்களுக்குத் தொப்பிப் பாட்டு, அப்பதான் மேல ஏறுச்சு. ஐயா, உங்களுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது, நீங்க பொறந்தப்ப பாட்டு வரிசையே கிடையாது." மூன்றாமவர் முகம் வாடிப்போகும். புகார் எழுத வேண்டும் என்பதே யாருக்கும் நினைவிருக்காது.

வயது அறுபத்து நான்கு. ஓய்வு கொடுக்கலாம் என்று கம்பெனி இரண்டு முறை நினைத்து, இரண்டு முறையும் மாற்றிக்கொண்டது. காதுக்கு மேலே பென்சில், இடுப்பில் சாவிக்கொத்து, சட்டைப் பையில் எப்போதும் ஒரு துணி. மோட்டார் ஓடும்போது அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், காய்ச்சல்காரர் நெற்றியில் வைப்பது போல. பாடச் சொன்னால் பாட மாட்டார். அவர் குரலுக்கு அதுதான் நல்லதும். எந்தப் பாட்டு பிடிக்கும் என்று கேட்டாலும் பதில் கிடையாது.

"எழுதுறவனுக்குப் பிடிச்சது, பிடிக்காதது இருக்கக் கூடாது" என்பார்.

அவர் எழுதியது இதைத்தான். அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு வானொலியில் 'வாரப் பத்து' என்று ஒரு நிகழ்ச்சி வந்தது. கிடாரும் டிரம்ஸும் போட்டுப் பையன்களும் பெண்களும் பாடிய புதுப் பாட்டுகளில் எது பிடித்தது என்று நேயர்கள் தபால் அட்டையில் எழுதி அனுப்புவார்கள். அட்டைகளை எண்ணி, பத்தாம் இடத்திலிருந்து முதலிடம் வரை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாட்டைப் போடுவார்கள். பதின்மூன்று வயதில் முதல் வாரத்திலிருந்து எழுத ஆரம்பித்தவர், இருபத்தெட்டு வயதில் நிகழ்ச்சி நின்றுபோகும் வரை ஒரு வாரம் விடவில்லை. எழுநூற்று எண்பது வாரம், பன்னிரண்டு நோட்டு. ஏறிய பாட்டுக்கு மேல்நோக்கி ஓர் அம்பு, இறங்கியதற்குக் கீழ்நோக்கி, புதிதாக வந்ததற்கு வட்டம். ஒரு நோட்டிலும் அடித்தல் திருத்தல் கிடையாது. அவர் ஒருமுறைகூட அட்டை போட்டதும் கிடையாது. எழுதுகிறவன் ஓட்டுப் போடக் கூடாதாம்.

லிஃப்ட் வேலைக்கு வந்த பிறகு இரண்டு பேச்சும் ஒன்றாகக் கலந்துவிட்டது. "நல்ல பாட்டுதான், ஆனா மூணாவது மாடியில மாட்டிக்கிச்சு" என்பார். "அது கயிறு அறுந்த பாட்டு, ஒரே வாரத்துல ரெண்டுலருந்து ஒம்போது" என்பார். அவர் கட்டடத்தில் மட்டும் ஒன்றாம் மாடிதான் உச்சி. கேட்கிறவர்கள்தான் தலைகீழாக நின்று புரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டிலும் அதே கதைதான். "எங்க கல்யாண நாள் என்னைக்குன்னு கேட்டுப் பாருங்க" என்று மனைவி சவால் விடுவாள். "விமானப் பாட்டு ஆறாம் எடத்துக்கு எறங்கின வாரம்" என்று பளிச்சென்று பதில் வரும். "பாத்தீங்களா? தேதி வராது. நான் எறங்கின கணக்குலதான் வர்றேன்" என்பாள் மனைவி. பேச்சில் குறை இருக்குமே தவிர, பன்னிரண்டு நோட்டுக்கும் பழைய புடவையைக் கிழித்து உறை தைத்துப் போட்டவளும் அவள்தான்.

போன வருஷம் ஒரு வங்கியில் லிஃப்ட் நின்றபோது உள்ளே இருந்த ஓர் அம்மாள் தன் பிறந்த தேதியைச் சொன்னார். வரிசைக்காரர் மேலே போனார், சக்கரத்தைச் சுற்றினார், வந்து கதவைத் திறந்தார். அந்த அம்மாள் ஆவலோடு முகத்தைப் பார்த்தார். "அந்த வாரம் எங்க வீட்டு ரேடியோ ரிப்பேரும்மா" என்று சொல்லிவிட்டுக் குனிந்து கருவிகளைப் பையில் அள்ளிப் போட்டார். கூட வந்த எலக்ட்ரீஷியன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். இருபது வருஷத்தில் அப்படி ஒரு பதிலை அவன் கேட்டதில்லை.

ரேடியோ ரிப்பேராக இல்லை. அந்த வாரத்தைப் பற்றித்தான் அவரால் வாயைத் திறக்க முடியாது.

அவருக்கு ஓர் அக்கா. ஆறு வயது மூத்தவள். தம்பி நடுநிலையாளர் என்றால் அக்கா பக்கா கட்சிக்காரி. பிடித்த பாட்டுக்கு ஒரே வாரத்தில் பதினைந்து அட்டை, பதினைந்து பெயரில், பதினைந்து விதமான கையெழுத்தில் போடுவாள். நோட்டின் ஒவ்வொரு வாரத் தலைப்பையும் சிவப்பு மையில் எழுதுவது அவள் வேலை. உள்ளே எழுத அவளை விட மாட்டார் தம்பி.

அந்த வருஷம் அவளுக்குப் பிடித்தது பொத்தான் பாட்டு. ஒரு பெண் தன் கோட்டிலிருந்து விழுந்த பொத்தானைத் தேடிக்கொண்டு ஊரெல்லாம் போவதாகப் பாட்டு. கேட்டால் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். பாவம், அது இரண்டாம் இடத்துக்கு ஏறி அங்கேயே நின்றுவிட்டது. முதலிடத்தில் விசில் பாட்டு வழிமறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. யாரோ புதுப் பையன் பாடியது. பாட்டின் பாதிக்கு மேல் வார்த்தையே இல்லை, விசில்தான். வாரம் மூன்று ஆயிற்று, நான்கு ஆயிற்று, அசையவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அக்கா பேருந்துப் படியிலிருந்து விழுந்தாள். முதுகெலும்பில் ஆபரேஷன். ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. இனி எழுந்து நிற்க வேண்டும், தள்ளிப்போட்டால் கால் வராமலே போய்விடும் என்றார் டாக்டர். இருபத்தொரு வயதுப் பெண் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாட்டேன் என்றாள். விழுந்த பயம் உடம்பில் உட்கார்ந்துவிட்டது. நர்ஸ் கெஞ்சினாள், அம்மா அழுதாள், அப்பா அதட்டினார். எல்லோர் வாயையும் அடைக்க அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"பொத்தான் பாட்டு முதலிடத்துக்கு வரட்டும். அன்னைக்கு எழுந்து நிக்கிறேன்."

விசில் பாட்டு நகராது என்ற தைரியம். வார்டில் ரேடியோ கிடையாது. திங்கட்கிழமை தோறும் பள்ளிக்கூடம் விட்டதும் தம்பி நோட்டை எடுத்துக்கொண்டு போவார். அக்கா பார்ப்பாள். "இன்னும் ரெண்டுதானா? சரி, அடுத்த வாரம் பாக்கலாம்" என்று நிம்மதியாகச் சாய்ந்துகொள்வாள். இப்படியே விசில் பாட்டின் எட்டாவது வாரமும் போனது. அடுத்த ஞாயிறு, ரேடியோவில் இரண்டாம் இடம் பொத்தான் பாட்டு என்று சொன்னார்கள். முதலிடம் சொல்லும் முன்பே விசில் ஆரம்பித்துவிட்டது. சமையலறையில் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுவது விசிலையும் மீறிக் கேட்டது. பதினைந்து வயதுப் பையன் பேனாவைத் திறந்தான். ஒன்று என்று போட்டு, பக்கத்தில் பொத்தான் பாட்டு என்று எழுதினான். மேல்நோக்கி அம்பும் போட்டான். இரண்டாம் இடத்தில் விசில் பாட்டு, கீழ்நோக்கி அம்பு.

மறுநாள் அக்கா அந்த அம்பையே வெகுநேரம் பார்த்தாள். "நெஜமாவாடா?" என்றாள்.

"நோட்டுல இருக்குல்ல?"

தம்பி நோட்டில் பொய் எழுதுவான் என்று உலகத்தில் யாரும் நினைக்க மாட்டார்கள். அக்காவும் நினைக்கவில்லை. சொன்ன சொல் கழுத்தைப் பிடித்தது. கம்பியைப் பிடித்தாள், காலைத் தரையில் வைத்தாள், கம்பியை விட்டாள். பதினோரு வினாடி நின்றாள். தம்பி மனதுக்குள் எண்ணினார். அதற்குப் பிறகு நடந்தாள், வீட்டுக்கு வந்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணம் செய்துகொண்டாள்.

கதை அதோடு முடிந்திருந்தால் வரிசைக்காரர் பிழைத்திருப்பார். அக்கா முடிய விடவில்லை. பொத்தான் பாட்டு முதலிடம் வந்ததால்தான் தான் எழுந்து நின்றதாகக் கேட்டவரிடமும் சொன்னாள், கேட்காதவரிடமும் சொன்னாள். "அது முதலிடம் வரவே இல்லையே?" என்று யாராவது இழுத்தால், "டேய், அந்த ரெண்டாவது நோட்டை எடுடா" என்பாள். கல்யாணமான புதிதில் அத்தானுக்கு எடுத்துக் காட்டினார். பிறகு அக்காவின் அலுவலகத்தாருக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு, ஒருமுறை பல் டாக்டருக்கு. ஒரு பொய்யை எழுதிவிட்டு நாற்பத்தொன்பது வருஷம் அதற்கே காவல் நின்றார் மனிதர். எங்கேயாவது விசில் பாட்டு கேட்டால் அக்கா ரேடியோவை அணைத்துவிடுவாள். அடுத்தவர் ரேடியோவாக இருந்தால் எழுந்து வெளியே போய்விடுவாள். "எம் பாட்டை ரெண்டு மாசம் கீழயே அமுக்கி வச்ச சனியன்" என்பாள்.

இந்த வருஷம் வானொலி நிலையத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். நிகழ்ச்சி தயாரிப்பவளாம். 'வாரப் பத்து' பற்றி ஒரு நினைவு நிகழ்ச்சி செய்யப் போகிறார்களாம். நிலையத்தின் பழைய காகிதங்கள் அடித்தளத்தில் தண்ணீர் புகுந்தபோதே கூழாகிவிட்டன. யாரைக் கேட்டாலும், லிஃப்ட்காரர் ஒருவர் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார் என்கிறார்கள்.

"சார், நீங்க இல்லேன்னா இந்த நிகழ்ச்சியே இல்ல. தொடர்ந்து அதிக வாரம் முதலிடத்துல இருந்தது எதுன்னு பாத்து, அதைப் பாடினவரை நேர்ல கூப்பிட்டுப் பேச வைக்கப் போறோம். எல்லாரும் குடைப் பாட்டுன்னு சொல்றாங்க, பதினோரு வாரம். சரியா சார்?"

சரியில்லை என்று உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். விசில் பாட்டு விடாமல் பதின்மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. நோட்டில் மட்டும் எட்டு வாரம், நடுவில் ஒரு பொய், அப்புறம் நான்கு வாரம். குடைப் பாட்டு பாடியவருக்கு வீடு நிறையப் பரிசு. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அவருக்குத் தெரியப் போவதில்லை. விசில் பாட்டுக்காரர் அந்த ஒரு பாட்டோடு நின்றுபோனவர். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போய்விட்டார் என்று எப்போதோ பத்திரிகையில் போட்டிருந்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள நோட்டு குடுத்தா போதும் சார்" என்றாள் அந்தப் பெண்.

இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நோட்டைத் திருத்தாமல் கொடுத்தால், அந்தக் கணக்கு வாத்தியாருக்குக் கிடைக்க வேண்டிய ஒரே மரியாதையும் கிடைக்காமல் போய்விடும். திருத்திக் கொடுத்தால் அக்கா ரேடியோவில் கேட்டுத் தெரிந்துகொள்வாள். அவள் எழுந்து நின்ற கதையே கவிழ்ந்துவிடும். இரண்டையும் சீர்தூக்கிப் பார்த்துவிட்டு, ஞாயிறன்று நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார்.

அத்தான் போன பிறகு அக்கா தனியாகத்தான் இருக்கிறாள், ஆறாவது மாடியில். அந்தக் கட்டடத்து லிஃப்டையும் பார்த்துக்கொள்வது இவர்தான். கீழே காய்கறிப் பையோடு அக்காவே எதிர்ப்பட்டாள். இருவரும் ஏறினார்கள். நான்கு தாண்டியதும் வரிசைக்காரர் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் நின்றது. வீட்டில் வைத்துச் சொன்னால் அக்கா உள்ளறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள் என்று அவருக்குத் தெரியும்.

"என்னடா இது? நின்னதை ஓட வைக்கிறதுதானே உன் வேலை?"

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த ஒம்பதாவது வாரம்..."

சொல்லிவிட்டார். ரேடியோவில் கேட்டதையும், நோட்டில் எழுதியதையும், வானொலிப் பெண் கேட்டதையும். சொல்லும்போது அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை, மாடி எண் காட்டும் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா காய்கறிப் பையைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான் எதுக்குடா எழுந்து நின்னேன்?"

வரிசைக்காரர் பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"அந்த நோட்டைக் குடு. லிஃப்டை விடு."

ஆறாவது மாடியில் நோட்டோடு இறங்கிப் போனாள். காய்கறிப் பை லிஃப்டிலேயே இருந்தது. இவர் அதைக் கதவருகே வைத்துவிட்டு மணி அடித்தார். கதவு திறக்கவில்லை.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் போன் செய்தார். எடுக்கவில்லை. "நாப்பத்தொம்போது வருஷம் வாயை மூடிட்டு இருந்தவருக்கு மூணு நாள் பொறுக்க முடியலையா? அவங்க இப்பதானே விழுந்திருக்காங்க, எழுந்திருக்க நேரம் குடுங்க" என்றாள் மனைவி.

வியாழக்கிழமை மாலை அக்காவே கூப்பிட்டாள். "வந்து எடுத்துட்டுப் போ." அவ்வளவுதான்.

மேசை மேல் நோட்டு திறந்திருந்தது. பக்கத்தில் அடிக்கோல், சிவப்புப் பேனா. பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்த கை. அடிக்கோல் வைத்து இரண்டு வரியையும் ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே சிவப்பில் இடம் மாற்றி எழுதியிருந்தாள். ஒன்று விசில் பாட்டு, இரண்டு பொத்தான் பாட்டு. பக்கத்தில் அன்றைய தேதியும் தன் சுருக்கொப்பமும் போட்டிருந்தாள். எழுநூற்று எண்பது வாரத்தில், பன்னிரண்டு நோட்டிலும், அதுதான் முதல் அடித்தல்.

"நீயும் போடு கையெழுத்தை" என்று பேனாவை நீட்டினாள். "தப்பா எழுதுறது எல்லா ஆபீஸ்லயும் நடக்கும். அடிச்ச இடத்துல கையெழுத்து இல்லேன்னாதான் குத்தம்."

போட்டார். டீ கொடுத்தாள். சர்க்கரை இல்லை. மறந்துவிட்டாளா, வேண்டுமென்றேதானா என்று கேட்கும் தைரியம் அவருக்கு வரவில்லை. முழுசாகக் குடித்தார்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே மாலை ஆறு மணிக்கு நிகழ்ச்சி. அக்கா வீட்டில் கேட்டார்கள். அக்கா கைவைத்த நாற்காலியில், வரிசைக்காரரும் மனைவியும் எதிரே சோபாவில். ஒவ்வொரு பாட்டாக வந்தது. டெலிபோன் பாட்டுக்கு மனைவி தலையாட்டினாள். பொத்தான் பாட்டு வந்தபோது அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "பல வாரம் இரண்டாம் இடத்திலேயே இருந்த பாடல்" என்றார் அறிவிப்பாளர்.

கடைசியில், பதின்மூன்று வாரம் தொடர்ந்து முதலிடம் என்று சொல்லி விசில் பாட்டுக்காரரைப் பேச விட்டார்கள். நடுங்கும் குரல். "பதின்மூணா? எனக்கே தெரியாதும்மா. அந்த வருஷம் எங்க வீட்டுல ரேடியோ இல்ல" என்றார். கொஞ்சம் விசிலடிக்க முடியுமா என்று கேட்டாள் அந்தப் பெண். "பல் செட்டு மாட்டினதுலருந்து காத்துதான் வருது" என்று சிரித்தார். பழைய இசைத்தட்டையே போட்டார்கள். சரசரவென்று ஓர் ஒலி, பிறகு விசில்.

அக்கா நாற்காலியின் இரண்டு கைகளையும் அழுத்திப் பிடித்து எழுந்தாள். முதுகு நிமிரக் கொஞ்ச நேரம் ஆனது. ரேடியோவை அணைக்கப் போகிறாள் என்று நினைத்து வரிசைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா ரேடியோவின் அருகே போய், குமிழைத் திருகிச் சத்தத்தைக் கூட்டினாள். பிறகு குமிழிலிருந்து கையை எடுத்தாள். மேசையைப் பிடிக்கவில்லை, சுவரைப் பிடிக்கவில்லை. வரிசைக்காரர் தலையை நிமிர்த்தி, பழக்கதோஷத்தில் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தார். பதினொன்று தாண்டியது, முப்பது தாண்டியது, நூறு தாண்டியது. விசில் முடிகிற வரைக்கும் அக்கா நின்றுகொண்டே இருந்தாள்.